மண் தாங்கியது, மொரிவாகி ஐயா

இடுப்பு விட்டுப்போய் நிற்கிறோம் ஐயா. நேற்று மாலைவரை வயலடி மண் வெட்டினோம். அறுவடை முடிந்த தாள்களுக்குக் கீழே ஆளுயரக் குழியில் இறங்கி, மண்வெட்டியை விடாமல் பிடித்துக்கொள்ளும் அந்தக் கரிய மண்ணைப் பாளம் பாளமாக மேலே ஏற்றினோம். உட்கார்ந்தால் எழ முடியாது. அதனால் பட்டறையிலிருந்து நீங்கள் விடைபெறும் இந்நாளில், இந்த வாழ்த்து மடலை நின்றபடியே வாசிக்கிறோம்.

மண்ணை மனிதராக்கிய மாண்பாளரே! சாடிக்குத் தோள் கொடுத்த சிற்பியே! நாற்பத்து நான்கு ஆண்டுகள் நெருப்பின் நெருக்கத்தில் நின்றும் நெஞ்சில் மட்டும் நெருப்பை வளர்க்காத நேர்மையாளரே! பிஜென் சூளைகளின் பெருமையே, மொரிவாகி குனியாசு ஐயா அவர்களே, வணக்கம்!

இப்படி எழுதிப் பழகியவர்கள் இல்லை நாங்கள். இந்த நாலு வரியைக் கட்டவே மூன்று நாள் ஆயிற்று. சூளைக்குத் தீ வைக்கும் டோகுஜி எழுத, மண் மிதிக்கும் ஹாட்சுவேயும் விறகு பிளக்கும் எய்சாகுவும் பக்கத்தில் இருந்து திருத்தினோம். அடுத்த வரியில் "குறையேதும் செய்யாத கூட்டாளிகள் நாங்கள்" என்று டோகுஜி எழுதப்போக, ஹாட்சுவே பேனாவைப் பிடுங்கிவிட்டாள்.

"எழுதுறதா இருந்தா அதை எழுதுண்ணே. இல்லேன்னா ஒரு பெட்டி ஆரஞ்சு வாங்கிக் குடுத்து, குனிஞ்சு கும்பிட்டுட்டு வந்துருவோம்."

அதைத்தான் எழுதியிருக்கிறோம். பத்தொன்பது வருடங்களுக்கு முன் உங்கள் பெரிய உருவம் உடைந்தது குறித்து நாங்கள் சொன்னது பொய். முதலில் பாராட்டிவிட்டு, அப்புறம் அந்த உண்மையைச் சொல்வோம். பாதியில் எழுந்து போனால் குறை சொல்லமாட்டோம்.

பாராட்டு இது. நீங்கள் வந்த காலத்தில் இந்த ஊரில் சாடி என்றால் சாடி, கிண்ணம் என்றால் கிண்ணம். நீங்கள் அதே மண்ணை, அதே மாதிரி திரி திரியாக உருட்டி, வட்டத்தின்மேல் வட்டமாக அடுக்கி, சாடி எழுப்புகிற முறையிலேயே மனிதரை எழுப்பினீர்கள். சுமை தூக்குகிறவர், குனிகிறவர், மூச்சு வாங்க நிற்கிறவர். ஒவ்வொருவருக்கும் உச்சந்தலையில் சாடிக்கு உள்ளதுபோல் வாய் வைத்தீர்கள். குயவர் சங்கத்துப் பெரியவர்கள் அதைச் சுற்றி வந்து முகம் சுளித்தார்கள்.

"இது சாடியா, சிலையா? இதுல எதை ஊத்துறது?"

"தண்ணி ஊத்திப் பாருங்க. ஒழுகினா நானே ஒடைக்கிறேன்" என்றீர்கள். ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மரபை மறக்காமல் மாற்றினீர்கள், மாற்றியதை மரபுபோல் நிற்க வைத்தீர்கள். அதன்பின் ஒசாகாவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். எங்கள் கூலியும் நேரத்துக்கு வந்தது. எய்சாகுவின் கால்மேல் விறகு விழுந்து நசுங்கியபோது ஏழு மாதம் அவன் பங்கு விறகையும் நீங்களே பிளந்தீர்கள். தீ வைத்தால் பன்னிரண்டு நாளும் எங்களோடு முறைவைத்துத்தான் தூங்கினீர்கள். இதெல்லாம் பொய்யில்லை.

இனி அந்த வருடம்.

இரண்டு வருடம் உழைத்து நெஞ்சுயரத்துக்கு ஒருத்தியை எழுப்பினீர்கள், முதுகுச் சுமையை இறக்கிவைக்கக் குனிகிறவளை. மண் கூடையோடு ஹாட்சுவே குனிவதைப் பார்த்துப் பார்த்துக் கட்டினீர்கள். காயவைக்கும்போது அவள் பார்த்துவிட்டு, "என் முதுகு இவ்ளோ அகலமா ஐயா? கல்யாணம் ஆகாம நின்னது இதனாலதானா?" என்றாள். "அகலம் இல்லேன்னா விழுந்துரும்மா" என்றீர்கள். அன்று நாம் எல்லோரும் சிரித்தோம்.

எரித்து முடித்து, சூளை வாயைச் செங்கல் வைத்து மண் பூசி மூடிய மறுநாள், கியூஷுவில் உங்கள் அக்கா இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. ரயிலுக்குக் கிளம்பும்போது டோகுஜியிடம் சொன்னீர்கள்: "எட்டு நாள் ஆறணும். நான் வர்றவரைக்கும் ஒரு செங்கல்லைத் தொடக்கூடாது."

தொட்டோம். நான்காம் நாளே தொட்டோம். பசியில்லை, மிரட்டலில்லை, காரணம் என்று பெரிதாக எதுவுமில்லை. டிசம்பர் இருபத்தெட்டு. எட்டு நாள் காத்திருந்தால் புத்தாண்டு அன்றும் சூளையடியில்தான் கிடக்க வேண்டும். முப்பதாம் தேதி வீட்டில் புத்தாண்டுப் பலகாரமான மோச்சிக்கு அரிசி இடிக்க வேண்டும் என்று மூவருக்கும் ஆசை.

"நாலே நாலு செங்கல்லு" என்றான் எய்சாகு. "கொஞ்சம் வெக்கை போகட்டும். சீக்கிரம் ஆறிடும்."

"ஐயா எட்டு நாள்னாரே" என்றாள் ஹாட்சுவே.

"ஐயாவுக்கு என்ன, அவர் கியூஷுல இருக்காரு" என்று கடப்பாரையை எடுத்தது டோகுஜி.

நாலு செங்கல்லை உருவி, விளக்கு அடித்துப் பார்த்தோம். ஐயா, அவள் நின்றாள். முழுதாக நின்றாள். முதுகு முழுக்கச் செங்காவி, இடது தோளில் சாம்பல் உருகிப் பச்சையாக வழிந்திருந்தது, கழுத்தில் தீ நக்கிய கறுப்பு. திரிகளின் ஒட்டு எங்கே என்றே தெரியவில்லை. அப்புறம் குளிர்காற்று உள்ளே போயிற்று. கோயில் மணியை ஒரே அடி அடித்ததுபோல ஒரு சத்தம். இடுப்பைச் சுற்றி ஓடிற்று வெடிப்பு.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்த தொழில்தான். தீயில் சூடேறும்போது விட்ட வெடிப்பென்றால் சாம்பல் உருகி விளிம்பை மழுக்கிவிடும். அது மண்ணின் குற்றம், கட்டிய கையின் குற்றம். ஆறும்போது வெடித்தால் விளிம்பு கத்திபோல் அறுக்கும். அது சூளையைத் திறந்தவனின் குற்றம். நீங்கள் வந்து விரலை வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துபோகும். ஆகவே உங்கள் விரல் படுமுன் அவளை உடைத்துச் சூளைக்குப் பின்னால் ஓட்டுக்குவியலில் போட முடிவு செய்தோம். சம்மட்டியால் உடைத்தால் எல்லா விளிம்பும் கத்திதான். எது எதனால் என்று எவர் கண்டுபிடிப்பார்? முதல் அடி அடிக்க டோகுஜிக்குக் கை எழவில்லை. "குடு. என் முதுகுதானே" என்று வாங்கி அடித்தது ஹாட்சுவே.

முப்பதாம் தேதி காலை நீங்கள் வந்தீர்கள். வாயில் பூசிய மண் உதிர்ந்து செங்கல் தானே சரிந்தது, உள்ளே அவள் தீயிலேயே வெடித்து நின்றாள், நீங்கள் பார்த்து வேதனைப்பட வேண்டாம் என்றுதான் உடைத்தோம் என்றோம். கோபப்படவில்லை நீங்கள். மூன்றே கேள்வி கேட்டீர்கள்.

"எங்க விட்டுச்சு?"

"இடுப்புல ஐயா. ஒட்டுல."

"விளிம்பு எப்படி இருந்துச்சு?"

"மழமழன்னு இருந்துச்சு ஐயா."

"தொட்டுப் பாத்தியா டோகு?"

"தொட்டுப் பாத்தேன்."

"அப்ப என் கைதான்" என்றீர்கள். காலணியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டீர்கள். மோச்சி இடிக்க எங்களை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பியதும் நீங்கள்தான். போனோம். இடித்தோம். தின்றோம்.

அதற்குப் பிறகு ஒரு முழத்துக்குமேல் நீங்கள் எதையும் எழுப்பவில்லை. கிண்ணம், சாக்கே மதுக் குப்பி, உள்ளங்கையில் அடங்கும் சிறு உருவங்கள். செய்தித்தாளில் அதைப் "பகட்டைத் துறந்த முதிர்ச்சி" என்று எழுதினார்கள். அந்தத் துண்டைக் கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டியதும் நாங்கள்தான். அது முதிர்ச்சியில்லை ஐயா. உங்கள் கையை நீங்கள் நம்பாமல் போனதுதான் அது. நம்பவிடாமல் செய்தது நாங்கள்.

இப்போது விரல் மூட்டெல்லாம் வீங்கி, உங்களுக்குக் குச்சியால் சோறு எடுக்கவும் வரவில்லை. இன்று சொல்லி என்ன ஆகும் என்று கேட்டால், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. தெரிந்தேதான் சொல்கிறோம். சொல்லாமலே செத்துவிடலாம் என்றுகூட இருந்தோம். ஆனால் போன மாதம், பட்டறையை ஏற்கப்போகும் உங்கள் அக்கா மகள் சிஹோவிடம் கருவிகளை எடுத்துக் கொடுத்தபோது சொன்னீர்கள்: "ஒரு முழத்துக்கு மேல கட்டாதம்மா. இந்த மண்ணு தாங்காது." அந்தப் பெண் தலையாட்டினாள். நாங்கள் மூவரும் அங்கேதான் நின்றோம். எங்கள் பொய் உங்கள் வாயால் சட்டமாகிறதைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

சிஹோ, நீயும் கேள். மண் தாங்கியது. ஐயாவின் கையும் தாங்கியது. தாங்காதவர்கள் நாங்கள். இந்த மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டிருக்கிறோம். ஐயாவின் வீட்டில் வேண்டாம், பட்டறையில் மாட்டு.

நோயின்றி நெடுங்காலம் வாழ்க என்று முடிப்பதுதான் முறை. வாய் நிறையச் சொல்லக் கூசுகிறது: நெடுங்காலம் வாழ்ந்தால் இதையும் நெடுங்காலம் நினைப்பீர்கள். ஆனாலும் வாழுங்கள் ஐயா. விரல் வலி இறங்கட்டும். உறக்கம் வரட்டும். எங்களைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்க வேண்டாம்.

மன்னிப்பு கேட்கவில்லை, கேட்டால் கொடுத்துவிடுவீர்கள். நாங்கள் உங்களுக்குத் தர வேண்டியது பத்தொன்பது வருடம். நீங்கள் கட்டியிருக்கக்கூடிய அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அது எங்களிடம் இல்லை.

இங்ஙனம்,
மொரிவாகி சூளைத் தொழிலாளர்கள்
டோகுஜி, ஹாட்சுவே, எய்சாகு