பெயர் போட்ட நோட்டீஸ்

என் பெயர் அற்புதராணி, வயது 39, கணவர் பெயர் பத்திநாதன், சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல். தற்போது துபாய் அல் குசைஸில் நர்சுகள் தங்கும் அறையில் வசித்து, தனியார் மருத்துவமனை ஒன்றின் ஐ.சி.யூ.வில் வேலை பார்க்கிறேன். போலீஸ் நிலையத்தில் மொழிபெயர்ப்பாளர் சோலையப்பன் முன்னிலையில் தமிழில் வாக்குமூலம் சொல்கிறேன்.

எங்கள் ஊர்க்காரர் ஷிபின் நடத்தும் ஜெபக் கூட்டத்துக்கு முன்பு போய்க்கொண்டிருந்தேன். அங்கே மைக் வைத்துக் கத்துவார்கள். டூட்டி முழுக்க மானிட்டர் அலறுவதைக் கேட்டுவிட்டு வரும் எனக்கு அது தாங்கவில்லை. ஆகவே அதை விட்டுவிட்டு, அறைத்தோழி ஜினியும் நானும் வேறு இரண்டு நர்சுகளும் லீவு நாளில் எங்கள் அறையிலேயே பேசாமல் உட்கார்ந்து ஜெபித்தோம். போதகர் கிடையாது, காணிக்கையும் கிடையாது. முந்நூறு வருடங்களுக்கு முன்பே இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவர்கள் இப்படி உட்கார்ந்ததாகப் படித்திருந்தேன்.

அதன் பிறகு எங்களைப் பற்றி ஒரு நோட்டீஸ் வந்தது. நாங்கள் பேயை வணங்குவதாகவும், கதவை அடைத்துக்கொண்டு ஆண்களோடு இருப்பதாகவும் அதில் அச்சடித்திருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அது என் வார்டு வரை வந்து, போட்டோவாக ஊரில் என் கணவர் போனுக்கும் போனது. அவர் என்னைக் கூப்பிட்டு, "நெசமா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்விதான் என்னை எழுத வைத்தது.

அதன் பிறகு பதில் எழுதி அச்சடித்தேன். அந்தக் காலத்துக் குவேக்கர்களும் தங்களைத் திட்டி வந்த பிரசுரங்களுக்குப் பெயர் போட்டுப் பதில் அச்சடித்தவர்கள். ஜினி, "பேர மட்டும் போடாதீங்கக்கா, பொறவு கஷ்டமாயிரும்" என்று தடுத்தாள். பெயரில்லாமல் எழுதினால் நானும் அவர்களும் ஒன்றுதான் என்று சொல்லி, பெயரும் அறை எண்ணும் போட்டு, ஷிபின் கூட்டம் முடிந்து வந்தவர்களிடம் நானே கொடுத்தேன். ஜினிக்கு இதில் பங்கில்லை.

அதன் பிறகு, அனுமதியில்லாமல் மதப் பிரசுரம் கொடுத்ததாக யாரோ என் மேல் புகார் கொடுத்தார்கள். நோட்டீசிலேயே அறை எண் இருந்ததால் போலீசார் வழி கேட்காமலே அறைக்கு வந்தார்கள். முதல் நோட்டீசில் பெயர் இல்லாததால் அதற்குப் பிடிக்க ஆள் இல்லையாம். மருத்துவமனை என்னை டூட்டியிலிருந்து நிறுத்திவிட்டது. குற்றம் உறுதியானால் விசாவும் போகும்.

முதல் நோட்டீசை எழுதியவர் ஷிபின் என்று சொன்னால் என் வழக்கு இலேசாகும் என்று ஜினி அழுதாள். அவர்தான் என்று நம்புகிறேன். ஆனால் எழுதியதை நான் பார்க்கவில்லை, அதனால் சொல்லமாட்டேன். அவரையும் கூப்பிட்டு விசாரித்ததாகவும், அவர் வேதப்புத்தகத்தில் கை வைத்து, ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டதாகவும் போலீசார் சொன்னார்கள்.

அதன் பிறகு என்னையும் சத்தியம் செய்யச் சொன்னார்கள். எப்போதும் உண்மை பேசுகிறவர்களுக்குத் தனியாகச் சத்தியம் எதற்கு என்று குவேக்கர்கள் சத்தியம் செய்ததில்லை, அதற்காக ஜெயிலுக்கும் போனார்கள். நானும் செய்யமாட்டேன். சத்தியம் செய்யாதவள் பேச்சு செல்லுமா என்று பெரிய அதிகாரியிடம் கேட்கப் போயிருக்கிறார்கள். மேலே உள்ளதை வாசித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது. செல்லாது என்றாலும் மாற்றிச் சொல்ல என்னிடம் வேறொன்றும் இல்லை.

(ஒப்பம்) ப. அற்புதராணி