ஐம்பத்தாறு டிகிரி, அரை மணி நேரம்

அண்ணி: கையை எடு அதுலேர்ந்து.

கொழுந்தன்: முத்திரையைத் தொட்டா தேஞ்சா போயிடும்? இருபத்து நாலு மரப்பெட்டி, ஒண்ணுக்கு ரெண்டு பக்கம். வெளிநாட்டுக்குப் போற சரக்கு. இதுல மெஷினை அடைச்சு அனுப்பப் போற மெஷின்காரர் லாரி வாசல்ல நிக்குது. நீங்க அடிக்கலன்னா நான் அடிக்கறேன்.

அண்ணி: போன தடவை நீ அடிச்ச லட்சணத்தைத்தான் பாத்தோமே. சிவப்பு மையில...

கொழுந்தன்: கருப்பு தீந்துபோச்சு. அதுக்கு என்ன பண்றது?

அண்ணி: சிவப்புன்னா ஆபத்தான சரக்குன்னு அர்த்தம், கூடாதுன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன். 'பளிச்சுனு அழகா இருக்கு அண்ணி'ன்னு பல்லைக் காட்டின.

கொழுந்தன்: அழகாத்தான் இருந்துச்சு... சரி, இன்னிக்குக் கருப்பு இருக்கு. நீங்களே அடிங்க.

அண்ணி: அடிக்க மாட்டேன்.

கொழுந்தன்: என்னது?

அண்ணி: இந்த கிராஃபைப் பாரு. நேத்து பெட்டிகளைச் சூட்டு அறையில வெச்சுக் கதவை மூடினோம். நாப்பது நிமிஷத்துல ஐம்பத்தாறு டிகிரி காட்டுது.

கொழுந்தன்: நல்லதுதானே? ஐம்பத்தாறு டிகிரி, அரை மணி நேரம். அதுதானே சட்டம்?

அண்ணி: மரத்தோட நடு மத்தியில ஐம்பத்தாறு. நாலு விரக்கடை கனம், அதுவும் ஈர மரம். எப்பவும் அஞ்சு மணி நேரம் எடுக்கும். இது மட்டும் என்ன, காகிதமா?

கொழுந்தன்: புது ஹீட்டர்...

அண்ணி: வாங்கி மூணு வருஷம் ஆச்சு. சூடு பாக்கற கம்பி மரத்துக்குள்ள இல்ல. வெளியில தொங்கியிருக்கு. காத்தோட சூட்டைத்தான் இது எழுதி வெச்சிருக்கு.

கொழுந்தன்: சேச்சே! காலையில திறந்தப்ப ஓட்டைக்குள்ள சொருகித்தான் இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன்.

அண்ணி: உன் கண்ணால?

கொழுந்தன்: ரெண்டு கண்ணாலயும்.

அண்ணி: நல்லா யோசிச்சு சொல்லு.

கொழுந்தன்: என்ன அண்ணி, போலீஸ் மாதிரி... துறைமுகத்துல என்ன பாப்பாங்க? முத்திரையில கோதுமைக் கதிர் படம் இருக்கா, நம்ம பட்டறை நம்பர் இருக்கா, சூடு பண்ணதுக்கு எழுத்து இருக்கா. அவ்வளவுதான். மரத்தைப் பொளந்தா பாக்கப் போறாங்க?

அண்ணி: ஆளு முத்திரையைப் பாத்து ஏமாறுவான். சூட்டுல சாகாம மரத்துக்குள்ள இருக்கற புழு ஏமாறுமா? ஒண்ணு உசுரோட அங்க போய் இறங்கினா அவங்க காட்டையே அரிச்சுடும். அப்புறம் நம்ம நம்பரைப் பிடுங்கிடுவாங்க. நம்பர் போனா இந்தப் பட்டறையில விறகுதான் விக்கணும்.

கொழுந்தன்: கப்பலை விட்டா மட்டும் வாழ்ந்துடுவோமா? மெஷின்காரர் வேற பட்டறைக்குப் போயிடுவாரு.

அண்ணி: போனா போகட்டும்.

கொழுந்தன்: ஒரு வழி சொல்றேன். பாதிக்கு மட்டும்...

அண்ணி: பாதி செத்த புழுவையா அனுப்பறது?

கொழுந்தன்: கிண்டல் பண்ணாதீங்க அண்ணி. நான் விளையாடல.

அண்ணி: நான் மட்டும் விளையாடறேனா? இருபத்து நாலும் திரும்ப உள்ள போகுது. முழுசா அஞ்சு மணி நேரம். அப்புறம்தான் முத்திரை.

கொழுந்தன்: பட்டறை பெரியப்பாவோடது, காரணம் கேப்பாரே!

அண்ணி: கேட்டா சொல்லு.

கொழுந்தன்: என்னத்தைச் சொல்ல? உங்களுக்குப் புரியல...

அண்ணி: முழுப் பூசணிக்காயை எவ்வளவு நேரம்தான் சோத்துக்குள்ள அமுக்குவ? சொல்லு தம்பி.

கொழுந்தன்: முத்திரைப் பொறுப்பை உங்ககிட்ட குடுத்தப்ப பெரியப்பா என்ன சொன்னாரு? 'ஒரே ஒரு தப்பு நடக்கட்டும், அன்னிக்கே முத்திரைப் பெட்டிச் சாவி என் கைக்கு வந்துடணும்'னு சொன்னாரா இல்லையா?

அண்ணி: சொன்னாரு.

கொழுந்தன்: நேத்து குழந்தைக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்லேர்ந்து போன் வந்துச்சு. கம்பி உங்க கையில இருந்துச்சு. அப்படியே போட்டுட்டு ஓடினீங்க. நானும் பாக்காம கதவை மூடிட்டேன். காலையில ஏழு மணிக்குத் திறந்தா... தொங்கிட்டு இருக்கு. நான்தான் சொருகி வெச்சேன். போதுமா? உங்க மேல பழி வரக்கூடாதுன்னுதான் அண்ணி...

அண்ணி: தெரியும்டா. ஆறு மணிக்கே கதவைத் திறந்து பாத்தவ நான். தொங்கறதை அப்படியே போட்டோ எடுத்து, 'கம்பி வைக்க மறந்தது நான்தான், எந்தப் பெட்டிக்கும் முத்திரை அடிக்கல'ன்னு எழுதி, உங்க பெரியப்பாவுக்கும் அனுப்பிட்டேன், சோதனை அதிகாரிக்கும் அனுப்பிட்டேன். பதினொரு மணிக்கு ரெண்டு பேரும் வர்றாங்க. சாவி யார்கிட்ட இருக்கணும்னு அப்புறம் அவங்களே முடிவு பண்ணட்டும். இப்ப அந்த முனையைப் பிடி, தூக்கு!