குற்றாலத்து மண்ணை இலத்தூரில் விரித்த கதை

தலைமையேற்றுத் தகைமையோடு அமர்ந்திருக்கும் இலத்தூர் கிரிக்கெட் கழகத் தலைவர் சங்கரபாண்டி அண்ணாச்சி அவர்களே! எங்களைத் தோற்கடித்த கையோடு எங்கள் அழைப்பையும் ஏற்று வந்திருக்கும் குற்றாலத்து அணியின் கோமகன்களே! ஆன்றோர்களே! பிள்ளைகள் ஆட்டம் முடிந்து வரும்வரை சோறு ஆறாமல் காத்த தாய்மார்களே! சாரலுக்கு அஞ்சாமல் நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு அமர்ந்திருக்கும் தென்காசிப் பெருமக்களே! கழகத்தின் செயலாளர் சிவனணைந்தபெருமாள் ஆகிய நான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

'ஆடுகளமும் சொந்த மண்ணும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். டெஸ்ட் போட்டியைப் பற்றிப் பேச வேண்டுமென்பதால் ஐந்து நாள் கேட்டேன். தலைவர் பத்து நிமிடம் தந்திருக்கிறார்.

நெடுநாளாக என்னைக் குடையும் கேள்வி ஒன்று உண்டு. மட்டை அதேதான், மனிதன் அதேதான், மனத்திண்மையும் அதேதான். ஊர் மாறினால் ஆட்டம் ஏன் மாறுகிறது? இங்கிலாந்திலே மேகம் கவிந்தால் பந்து காற்றிலே வளைகிறது. ஆஸ்திரேலியாவிலே அதே பந்து நெஞ்சுக்கு எழும்புகிறது. நம் நாட்டிலே நான்காம் நாள் வந்துவிட்டால் புழுதி பறக்கிறது, புற்றுக்குள் புகுந்த பாம்பு போலப் பந்து திரும்புகிறது. இருபத்திரண்டு கெஜ மண்ணுக்குள் இத்தனை மாயமா?

களம் அமைப்பவர்கள் விருந்தழைத்த ஊர்க்காரர்கள். ஆகவே வெற்றியும் அவர்களுக்கே என்பீர்கள். அப்படியானால் 2024இல் என்ன நடந்தது? பன்னிரண்டு ஆண்டுகள் சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட் தொடரைக்கூடத் தோற்காத நாம், நியூசிலாந்திடம் மூன்றுக்கு மூன்று தோற்றோம். பெங்களூரில் டாஸ் வென்று, மேகத்தின் கீழே மட்டை பிடித்து, நாற்பத்தாறு ஓட்டத்தில் சுருண்டோம். புனேயிலும் மும்பையிலும் பந்து சுழன்றது. சுழன்ற பந்து நம்மையே சுற்றி வளைத்தது. வீட்டுக்காரனை வீடே ஏன் கைவிட்டது?

யாரப்பா அது, 'நம்ம கதைக்கு வாங்க' என்கிறது? வருகிறேன்.

சென்ற மாதம் இதே குற்றாலத்து அணியோடு நமக்கு இரண்டு நாள் ஆட்டம். நம்மிடம் சுழற்பந்து வீச்சாளர்கள் மூவர். பந்து திரும்பினால் வெற்றி நமக்கே என்று நான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு ஆண்டுகளாக நம் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் மங்களேஸ்வரி அம்மாளை அழைத்தேன்.

"செம்மண்ணைச் சுரண்டிட்டுக் கரம்பை போடணும். வெடிக்கணும், திரும்பணும்."

கரம்பை என்றால் குளத்தடியில் படிகிற கருவண்டல். வயலுக்கு அடிப்போமே, அதுதான். அந்த அம்மா என்ன சொன்னார்கள் தெரியுமா?

"நம்ம செம்மண்ணு நமக்குப் பழகுன மண்ணுல்லா அண்ணாச்சி. தெரியாத மண்ணை எதுக்குக் கொண்டாரணும்? நம்ம குளத்துலயும் தண்ணி கெடக்கு, கரம்பையை எங்கன போயி வெட்ட?"

"அதை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டேன். மடை மராமத்துக்காக வற்றவிட்டிருந்த ஒரு குளத்தில் டிராக்டர் நிறைய வெட்டி வந்தேன். அந்த அம்மா சாரலிலே தார்ப்பாய் பிடித்து, வெயிலிலே ரோலர் உருட்டி, நான் சொன்னபடியே களம் அமைத்துக் கொடுத்தார்கள்.

ஆட்டத்தன்று காலையில் குற்றாலத்துப் பந்துவீச்சாளர் காஜா களத்தைப் பார்க்க வந்தார். குனிந்தார். ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து விரலால் நசுக்கினார், சிரித்தார்.

"அண்ணாச்சி, இது எங்க குளத்து மண்ணுல்லா? வருசா வருசம் கோடையில குளத்துக்குள்ளதான வெளையாடுதோம். எங்கன வெடிக்கும், எங்கன படுத்துக்கிடும்னு எல்லாம் தெரியுமே."

கேட்டீர்களா? எந்தக் குளம் யாருடைய ஆடுகளம் என்று விசாரிக்காமல், விருந்தாளியின் வீட்டையே வண்டியில் ஏற்றிவந்து நம் மைதானத்தில் விரித்தவன் நான்! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். காஜா எட்டு விக்கெட். நாம் அறுபத்தொன்று.

சிரிப்பு இத்தோடு போதும், பெருமக்களே. தோற்ற மறுநாள் நம் அணித்தலைவர் விஜய்பாண்டி என்னிடம் வந்தார். "களத்தைக் கெடுத்தது அந்த அம்மாதான், வேற ஆள் வையுங்க அண்ணாச்சி" என்று கொதித்தார். மண் யார் வெட்டிய மண் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அந்த அம்மாவை வேலையிலிருந்து நீக்கும் தீர்மானம் எழுதப்பட்டது. அது இப்போது தலைவர் கையில் இருக்கிறது. இந்த விழா முடிவில் வாசிக்கப்பட இருக்கிறது. அதன் அடியில் முதல் கையெழுத்து என்னுடையது.

வெட்கமாக இருக்கிறது.

சொந்த மண், சொந்த மண் என்கிறோமே, அந்தச் சாதகம் எங்கே இருக்கிறது? மண்ணிலா? மண் டிராக்டரில் ஏறும், மாவட்டம் தாண்டும், யார் காலடியிலும் கிடக்கும். அறிவு ஏறுமா? காலையில் தொட்டுப் பார்த்து மாலையில் எப்படி இருக்கும் என்று சொல்லுகிற அந்தப் பழக்கம் வண்டியில் வருமா? வராது! குற்றாலத்தாருக்கு அந்தப் பழக்கம் காஜாவின் விரலில் இருந்தது. நமக்கு அது மங்களேஸ்வரி அம்மாளின் உள்ளங்கையில் இருந்தது. அதைக் கேட்காமல் ஒருமுறை தோற்றோம். அதையே வெளியே அனுப்பிவிட்டு எந்த மைதானத்தை நம் மைதானம் என்போம்?

எழுந்திருக்காதீர்கள் மங்களேஸ்வரி அம்மா, உட்காருங்கள். எழுந்து நிற்க வேண்டியவன் நான், நின்றுகொண்டுதான் இருக்கிறேன். நான் சொன்னதைத்தான் செய்தீர்கள். வேண்டாமென்றும் சொன்னீர்கள். ஊரே பேசியபோதும், 'அண்ணாச்சிதான் போடச் சொன்னாக' என்று ஒருவரிடமும் சொல்லவில்லை.

தலைவர் அவர்களே, அந்தத் தாளை இப்படிக் கொடுங்கள். பேனாவும் வேண்டும். இதோ, சிவனணைந்தபெருமாள் என்ற பெயரை அடித்துவிட்டேன். மற்றவர்கள் அவரவர் மனத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். விஜய்பாண்டி மேடைக்கு வருகிறார். வாருங்கள் தம்பி, பேனா இங்கே இருக்கிறது.

பொறுமையோடு கேட்ட அவைக்கு நன்றி. மண்ணைக் காட்டிக்கொடுத்த காஜாவுக்கு நன்றி. என்னைக் காட்டிக்கொடுக்காத மங்களேஸ்வரி அம்மாளுக்கு, இத்தனை பேர் அறிய, என் வணக்கம்.