கண்ணாடி நூலில் கலப்படம்

– கையெழுத்தா? செத்தாலும் போட மாட்டேன், சார்!

– ஆபீஸ்ல சார், வீட்டுல மாமனார். ரெண்டு இடத்துலயும் நான்தாம்மா பெரியவன். கதையைக் குறை, கையெழுத்தைப் போடு.

– ரெண்டு வருஷம் கண்ணு பூத்துப்போக அந்தக் கம்ப்யூட்டர் மாடலை எழுதினது நான். மேல் மாடியில நிபுணர் குழுவுக்கு முன்னால அதைத் தன்னோடதுன்னு சொல்லப் போறது உங்க மகனா?

– என் மகன்னா யாரு? உன் புருஷன்! அவன் பேரு வந்தா உன் பேரு வந்த மாதிரிதானே?

– அப்போ என் பேரைப் போடுங்க. அவர் பேரு வந்த மாதிரிதானே?

– இந்த வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும். அப்படியென்ன மலையைப் புரட்டிட்டே? அந்த மாடல்ல ஆறாம் பக்கம் பூரா கலப்படம். அதைக் கழிச்சுடுன்னு அவன்கிட்ட சொல்லிட்டேன்.

– ஐயோ, உயிரே அந்தப் பக்கம்தான்! கண்ணாடி நூலுக்குள்ள ஒளி ஒரே வழியா போறதில்ல, சார். ஆறு பாதையா பிரிஞ்சு போகுது. ஆறு அண்ணன் தம்பிங்க ஒரே சந்துல நடக்கற மாதிரி. பக்கத்துல ஒருத்தர் தும்மினாக்கூட நூல் நடுங்கும். இவன் கையில இருந்த வெளிச்சம் அவன் கைக்குத் தாவிடும்.

– அதைத்தான் கலப்படம்ங்கறேன்! ஒளி சுத்தமா வரணும்.

– எனக்குக் கலந்துதான் வரணும். எது எதோட எவ்வளவு கலந்துச்சுன்னு பார்த்து, என் மாடல் அந்தத் தும்மல் சத்தத்தையே திருப்பி எடுத்துக் கொடுத்துடும்.

– தும்மலைப் பிடிக்கவா ரெண்டு வருஷம்? நல்ல கூத்து!

– மேஜையைத் தட்டிச் சிரிக்காதீங்க. அடியில சோதனைக் கண்ணாடி நூல் ஓடுது.

– ஓடட்டுமே. என் ரூம் வழியா இழுத்துக்கோன்னு அனுமதி கொடுத்ததே நான்தான். இந்தா பேனா. 'இது என் கணவர் செய்த மாடல்', ஒரே வரி.

– அந்த மாடல்ல ஒரு வரியாவது அவருக்குத் தெரியுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க.

– ம்... தெரியாது.

– காதுல விழல, மாமா.

– தெரியாதும்மா, தெரியாது! எழுதினது நீதான், போதுமா? அவன் மக்குதான். மக்கா இருந்தாலும் மகன் மகன்தான்! எனக்கப்புறம் இந்த நாற்காலி அவனுக்குத்தான்.

– அப்பாடா. இப்ப தெளிவா இருக்கு.

– என்ன இளிப்பு? போடலேன்னா நாளையிலேருந்து இந்த ஆபீஸ் வாசலை மிதிக்க முடியாது. வீட்டு வாசலையும்தான்!

– ரெண்டு வாசலையும் நானே தாண்டிப் போறேன். போன் அடிக்குது பாருங்க, எடுங்க.

– ஹலோ... இயக்குநர்தான் பேசறேன்... என்னது, சோதனை ஜெயிச்சுடுச்சா? எந்தச் சோதனை?... யாரு சொன்னது, மக்குன்னு?... என் குரலா? ஸ்பீக்கர்லயா?... ஐயையோ!

– என்ன சொல்றாங்க, மாமா?

– மாடலை எழுதினவங்களை உடனே மேல அனுப்பணுமாம்... அடிப்பாவி, நூலோட மேல் மாடி முனையை ஸ்பீக்கர்ல மாட்டினது யாரு? நீதான் இத்தனை நேரமும் என் முன்னாலயே இருக்கியே!

– உங்க மக்கு மகன்தான், மாமா. ஆறாம் பக்கத்தை அவர் கழிக்கவே இல்ல.