கௌபாய் சேணத்தில் முகிலன் வைக்கோல் நெருப்பைத் தாண்டியது குறித்து

என் பெயர் புருஷோத்தமன், வயது 48, தகப்பனார் பெயர் தணிகாசலம், காலமாகிவிட்டார். ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் ரோட்டுக்குப் பின்னால் உள்ள தெருவில் என் மனைவி சரிதாவுடன் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். நான்காம் வகுப்பு வரை படித்திருக்கிறேன், அந்த நான்காம் வகுப்பை மட்டும் இரண்டு தடவை படித்தேன், அதெல்லாம் வேண்டாம் என்று ஏட்டையா சொன்னார், நான்தான் எழுதச் சொன்னேன். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுவது என் தொழில். என்னிடம் இருப்பது ஒரே ஒரு வெள்ளைக் குதிரை, பெண், பெயர் மதாம். இதில் மதாம் என்று வருகிற இடத்திலெல்லாம் குதிரை என்றே எடுத்துக்கொள்ளவும்.

காயம்பட்ட முகிலன் எனக்குச் சகலை, அதாவது என் மனைவியின் கடைசித் தங்கை இனியாவின் புருஷன். லாஸ்பேட்டைக்காரர், சென்னையில் கம்பெனி வேலை. மாமனார் மாமியார் இருவரும் இல்லாததால் இனியாவின் கல்யாணத்தை நாங்களே முன்னின்று செய்து வைத்தோம், தலைப்பொங்கலுக்கும் எங்கள் வீட்டுக்கே இருவரும் வந்தார்கள். எனக்கும் முகிலனுக்கும் முன்விரோதம் எதுவும் கிடையாது. அவரைக் கேலி செய்வேன், அது உண்மை. பால்காரரையும் கேலி செய்வேன், பூசாரியையும் கேலி செய்வேன், சாவு வீட்டில்கூட எனக்கு ஒரு வார்த்தை வாயில் வந்துவிடும், அதனால் என் மனைவி என்னைச் சாவு வீட்டில் தெருவிலேயே நிற்க வைத்துவிடுவாள்.

சேணத்தைப் பற்றிக் கேட்டதில் நான் சொல்வது. முன்பு நான் வைத்திருந்தது வழவழப்பான சாதாரணச் சேணம், பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைகளுக்கு அதில் பிடிமானம் கிடையாது, ஒரு மாப்பிள்ளை மண்டபம் வருகிற வரைக்கும் மதாமின் கழுத்தைக் கட்டிக்கொண்டே வந்தார், பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு அணைப்பு கிடைத்திருக்காது. அதனால் போன வருடம் பெங்களூரில் ஒருவரிடம் இந்தச் சேணத்தை வாங்கினேன். இது அமெரிக்காவில் மாடு மேய்க்கிற கௌபாய்கள் போடுகிற மாதிரி. கனமாக இருக்கும், பின்பக்கம் நாற்காலி போல உயர்ந்திருக்கும், முன்பக்கம் நடுவில் ஒரு கொம்பு நிமிர்ந்து நிற்கும், உள்ளே இரும்பு, மேலே தோல். அதற்குச் சரிதா சிவப்பு வெல்வெட்டில் உறை தைத்து ஜிகினா ஒட்டியிருக்கிறாள். மாப்பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தால் போதும், தூங்கினாலும் விழ மாட்டார்கள். இந்தச் சேணத்தால் சம்பவத்துக்கு முன் யாருக்கும் ஒரு கீறல்கூட வந்ததில்லை.

மாட்டுப்பொங்கல் அன்று சாயங்காலம் மாட்டைக் குளிப்பாட்டி அலங்காரம் செய்து, வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, வைக்கோலைக் கொளுத்தி, அதைத் தாண்ட வைத்த பிறகுதான் உள்ளே கட்டுவார்கள், திருஷ்டி போகும் என்று. எங்களிடம் மாடு இல்லை. எங்களுக்குச் சோறு போடுவது எதுவோ அதுதான் எங்களுக்கு மாடு என்று நாங்கள் வருடா வருடம் மதாமைத் தாண்ட வைப்போம், தெருவே சிரிக்கும், நானும் சேர்ந்து சிரிப்பேன். சேணம் இல்லாமல் வெறும் முதுகோடு நான் கயிற்றைப் பிடித்து நடத்தி வருவேன், அவளும் புடவையைத் தூக்கிக்கொண்டு சாக்கடையைத் தாண்டுகிற பொம்பளை மாதிரி ஒரு எட்டு வைத்து வந்துவிடுவாள். ஆள் ஏறித் தாண்டியது இதற்கு முன் கிடையாது.

சம்பவத்தன்று மத்தியானம் சாப்பிடும்போது முகிலன், தான் சென்னையில் ஞாயிற்றுக்கிழமைகளில் குதிரை ஏற்றம் கற்றுக்கொள்வதாகவும், குறுக்குக் கம்பைத் தாண்டுவதாகவும் சொல்லிக் கைபேசியில் வீடியோ காட்டினார். சாம்பாருக்குக் காட்டத் தொடங்கியவர் பாயசம் வரைக்கும் காட்டினார். தலையில் தொப்பி மாட்டியிருப்பதால் அது நம் சகலைதானா என்று கைரேகை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அதன் பிறகு சாயங்காலம், தலைப்பொங்கலுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று இனியா ஆசைப்பட்டதால், மதாமுக்குக் கல்யாணச் சேணத்தையே கட்டினேன். அதன் பிறகு உலக்கையைப் போட்டு வைக்கோலைப் பரப்பியபோது, இந்த வருடம் நான் இழுத்துக்கொண்டு வருவதற்குப் பதில் சகலையே ஏறித் தாண்டட்டும் என்று சொன்னேன்.

முகிலன் சந்தோஷமாகத்தான் எழுந்து வந்தார். வந்து மதாமின் கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, வெல்வெட் உறையைத் தூக்கிக் கொம்பை விரலால் தட்டிப் பார்த்தார், கால் வைக்கிற வளையத்தை இழுத்துப் பார்த்தார், அதன் பிறகு முகம் மாறிவிட்டது.

“அண்ணே, இது ஒக்காந்து போறதுக்கு, தாண்டறதுக்கு இல்ல. தாண்டும்போது நாம முன்னால குனியணும், இந்தக் கொம்பு நேரா வயித்துல ஏறும். வேற சேணம் கெடச்சா இன்னொரு நாள் தாண்டறேன்” என்றார்.

நான் அதைச் சாக்கு என்று நினைத்தேன். இத்தனை மாப்பிள்ளைகளைத் தாங்கிய சேணம் இவருக்கு மட்டும் குத்துமா என்று நினைத்தேன். “கொம்புக்குப் பயந்தா மாட்டுப்பொங்கல் எப்பிடிக் கொண்டாடறது சகல?” என்றேன். வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள், எதிர்வீட்டுத் தெய்வசிகாமணி விசில் அடித்தார். முகிலன் என் பக்கத்தில் வந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “அண்ணே, நெசமாத்தான் சொல்றேன்” என்றார். நான் அவருக்குக் கண்ணடித்துவிட்டு, சகலைக்கு வேண்டுமானால் ஆட்டுக்குட்டி ஒன்று பிடித்து வருகிறேன், அதன் மேல் உட்கார்ந்து தாண்டட்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். இனியா சிரிக்கவில்லை. “வுடு மாமா” என்றாள். முகிலன் அவள் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு ஏறிவிட்டார்.

படத்தில் நன்றாக விழட்டும் என்று தெய்வசிகாமணி இன்னும் ஒரு கை வைக்கோலை அள்ளிப் போட்டார், நெருப்பு முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மதாம் நெருப்புக்கு முன்னால் வந்து நின்றுவிட்டாள். எட்டு வைக்கப் போகிறாள் என்று நான் கயிற்றைத் தளர்த்தினேன். அவள் எட்டு வைக்காமல் நின்ற இடத்திலிருந்தே எகிறினாள், கயிறு என் கையைவிட்டுப் போய்விட்டது. முகிலன் முன்னால் குனிந்தார். மத்தியானம் வீடியோவில் பார்த்த மாதிரியே அழகாகக் குனிந்தார். ஒன்றும் தெரியாத மாப்பிள்ளையாக இருந்தால் பயந்து பின்னால் சாய்ந்திருப்பார். எகிறும்போது ஒரு தடவை, கால் ஊன்றும்போது ஒரு தடவை, அந்த வெல்வெட் அவர் சட்டைக்குள் போய்விட்டு வந்தது மாதிரி நான் நின்ற இடத்திலிருந்து தெரிந்தது.

அவர் விழவில்லை. நாங்கள் கைதட்டினோம். முதலில் தட்டியவன் நான்தான்.

அதன் பிறகு அவர், “அண்ணே, எறக்கி வுடுங்க” என்றார். தாண்டியவருக்கு ஆரத்தி எடுக்காமல் இறக்குவதா என்று நான் சொன்னேன். சரிதா ஆரத்தி கரைத்து எடுத்து வந்து சுற்றினாள், அவர் கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நெற்றியில் பொட்டு வைக்க எட்டியவள், “இன்னாங்க இது, நெத்தி சில்லுனு கெடக்குது” என்றாள். அதன் பிறகுதான் இறக்கினோம்.

ரத்தம் எதுவும் இல்லை. சட்டையைத் தூக்கிப் பார்த்ததில் தொப்புளுக்கு மேலே சிவப்பாக வட்டமாக ஒரு தடம் இருந்தது, அவ்வளவுதான். சோடா கொடுத்தோம், வாந்தி எடுத்தார். வாய்வாக இருக்கும் என்று ஒருவர் சொன்னார், இஞ்சி தட்டிக் கொடுத்தோம். நிற்க முடியவில்லை என்று சொன்ன பிறகு ஆட்டோவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். பொங்கல் கூட்டத்தில் வண்டி நகரவே இல்லை. அவர் தலையை என் மடியில் வைத்துக்கொண்டு, தூங்கிவிடக் கூடாது என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். என்ன பேசினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஈரல் கிழிந்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். விழாமல் எப்படி இப்படி ஆனது என்று கேட்டார். நான் இரண்டு கையையும் சேர்த்து அந்தக் கொம்பு எவ்வளவு தடிமன் என்று காட்டினேன்.

ஆபரேஷன் முடிந்த பிறகும் முகிலன் கண் விழிக்கவில்லை. வயிற்றை இன்னொரு முறை திறந்தார்கள். பிழைப்பாரா என்று கேட்டால் பார்க்கலாம் என்கிறார்கள், வேறு ஒன்றும் சொல்வதில்லை. அவர் தகப்பனார் இராமதாஸ், தகுதி இல்லாத சேணத்தில் வேண்டுமென்றே ஏற்றிவிட்டதாக என் மேல் புகார் கொடுத்திருக்கிறார். வார்டு பக்கம் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார், நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே டீக்கடை ஓரமாக நின்றுகொண்டிருப்பேன். நேற்று இனியா அங்கே வந்து பக்கத்தில் நின்றாள். “எதுனா பேசு மாமா” என்றாள். நான் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும் முன் முகிலன், தன்னை யாரும் ஏறச் சொல்லவில்லை என்றும், தானே ஆசைப்பட்டு ஏறியதாகவும், சேணத்தில் குறை எதுவும் இல்லை என்றும் ஆஸ்பத்திரி போலீசிடம் சொல்லியிருப்பதை உதவி ஆய்வாளர் ஐயா எனக்குப் படித்துக் காட்டினார். அது எனக்குச் சாதகமாக இருப்பதாகவும், நானும் அதையே சொன்னால் விபத்து என்று முடியும் என்றும் சொன்னார். முகிலன் பொய் சொன்னதாக நான் சொல்லவில்லை. சகலை கேலி பண்ணியதால் ஏறினேன் என்று எந்த ஆம்பளையும் போலீசிடம் சொல்ல மாட்டான். ஆனால் அந்தச் சேணம் தாண்டுவதற்கு ஆகாது என்று அவர் எனக்கு இரண்டு தடவை சொன்னார், இரண்டாம் தடவை என் காதோடு சொன்னார், அதைக் கேட்ட ஆள் நான் ஒருவன்தான்.

மேலே உள்ளது முழுக்க நான் சொன்னபடியே எழுதப்பட்டு எனக்குப் படித்துக் காட்டப்பட்டது, யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் சொல்லவில்லை, அத்தனையும் நிஜம். முகிலன் எழுந்து வந்து நான் சொன்னது பொய் என்று சொன்னால் நான் மறுத்துப் பேச மாட்டேன், எழுந்து வந்து சொல்லட்டும்.

(ஒப்பம்)
த. புருஷோத்தமன்