லண்டன் அண்ணரின் கடிதங்கள்

"அண்ணர் பட்டினி கிடந்து காசு அனுப்பினவர் எண்டால், அதுக்கு லண்டனில வரியாம்."

பாலத்தடி ஆமிச் சென்றியில், சோதனைக்கு நின்ற பெண்களின் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பள்ளிமுனைக்காரி தன் தோழியிடம் சொன்னாள்.

"செத்த மனிசனுக்கு என்ன வரி?"

"அவர் விட்டிட்டுப்போன வீட்டுக்கு. கடைசி வருசங்களில குடுத்த காசையும் சொத்தோட சேர்த்துப் பார்ப்பினமாம். சம்பளத்தில மிஞ்சினதை மாதாமாதம் குடுத்திருந்தால் சேர்க்கமாட்டினமாம். ஆனால் குடுத்த பிறகும் அவர் வழமைபோலச் சீவிச்சிருக்கோணும். அதுக்கு அத்தாட்சியா, அண்ணற்ர மகன் பழைய கடிதங்களைக் கேட்டிருக்கிறான்."

"அனுப்பிவிடன்."

"எப்பிடி அனுப்புறது? நேற்றுச் சுவாமியாரிட்டக் குடுத்து வாசிப்பிச்சனான். 'தங்கச்சி, நான் ஒருநேரம்தான் சாப்பிடுறன், இனிக் கேக்காதை' எண்டு ஒவ்வொரு கடிதத்திலையும் எழுதியிருக்கிறார்."

"பிறகும் நீ கேட்டனியோ?"

அவள் வரிசையில் ஓரடி முன்னால் நகர்ந்தாள்.

"எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. இவர்தான் வாசிச்சுக் காட்டுறவர். 'அண்ணர் சுகமாம், தேவையெண்டால் இன்னும் கேக்கட்டாம்' எண்டுதான் எல்லாக் கடிதத்தையும் வாசிச்சவர்."

ஆண்களின் வரிசையிலிருந்து அவள் கணவர் கூப்பிட்டார். "அடையாள அட்டையை எடுத்துக் கையில வைச்சிரும்."

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. அட்டையை எடுத்துத் தோழியிடம் நீட்டினாள்.

"இதில இருக்கிறது என்ர பேர்தானோ எண்டு ஒருக்கா வாசிச்சுச் சொல்லு."