பழைய எழுத்தில் ஒரு தாள்

எர்சயின்: நிறுத்துங்க டீச்சர்... அதுக்குள்ள எழுதிட்டீங்களா? நான் இன்னும் வாக்கியத்தையே முடிக்கல.

கனிபா: நீங்க முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா பொழுது சாஞ்சிடும் அண்ணே. "மஞ்சள் பாஸ்பரஸ் எப்பவும் தண்ணிக்கு அடியில இருக்கணும்." இதானே?

எர்சயின்: அதான். ஆனா "எப்பவும்"னு போட்டா போதுமா? ஃபேக்டரி குடுத்த ரஷ்யப் பாதுகாப்புத் தாள்ல...

கனிபா: ரஷ்யத் தாள் படிக்கிறவங்களுக்கா இதை எழுதுறோம்? காத்து பட்டா என்ன ஆகும், அதைச் சொல்லுங்க.

எர்சயின்: தானா பத்திக்கும். நெருப்பே காட்ட வேண்டாம். பத்திக்கிட்டா தண்ணி ஊத்தி, மேல ஈர மணலைப் போட்டு மூடணும். தண்ணியை வேகமாப் பீய்ச்சக் கூடாது. சிதறும். சிதறுன துண்டு ஒவ்வொண்ணும் தனியா எரியும்.

கனிபா: "பீய்ச்சாதே, ஊற்று." அடுத்தது.

எர்சயின்: அடுத்தது... எவாக்குவாட்சியா.

கனிபா: அப்படின்னா?

எர்சயின்: எல்லாரும் வெளியேறுறது.

கனிபா: அதை அப்படியே சொல்றதுக்கென்ன? உங்க கசாக்குல பாதி ரஷ்யன் அண்ணே. எங்க ஊர்ப் பிள்ளைங்க இப்படிப் பேசியிருந்தா பெஞ்சு மேல ஏத்தியிருப்பேன்.

எர்சயின்: ஏத்துங்க. இந்த வயசுல முட்டிதான் வலிக்கும்... வலது பக்கத்துலேர்ந்து எழுதிட்டே வர்றீங்களே, இங்கயும் ஒரு காலத்துல இந்த அரபி எழுத்துதானாம். எனக்கு அதுல ஒண்ணும் தெரியாது. பாஷை ஒண்ணு, எழுத்து ரெண்டு.

கனிபா: உங்க ரஷ்ய எழுத்து எனக்குத் தெரியாது. சீனாப் பக்கத்துல பன்னெண்டு வருஷம் டீச்சர். எல்லையைத் தாண்டினதும் கைநாட்டு. பஸ்ல எழுதியிருக்கிற ஊர்ப் பேரைக்கூட யாராவது படிச்சுச் சொல்லணும்.

எர்சயின்: டீ ஆறுது, குடிங்க.

கனிபா: பால் ஊத்தாத டீ ஆறினா என்ன, ஆறாட்டி என்ன. அடுத்தது சொல்லுங்க.

எர்சயின்: மிச்சத்தை நாளைக்கு வச்சுக்குவோமே.

கனிபா: ஏன்?

எர்சயின்: உடம்புல பட்டா என்ன செய்யணும்ங்கிற பகுதி அது. டீச்சர், நான் வேற ஆளைத் தேடியிருக்கணும். உங்க வீட்டுக்காரர் தொக்தார் இறந்து இன்னும் நாப்பது நாள்கூட ஆகல.

கனிபா: முப்பத்தேழு. வேற ஆள் எங்க இருக்கு? நீங்க பாத்துக்கிற பாஸ்பரஸ் உலையில எல்லை தாண்டி வந்தவங்க பன்னெண்டு பேர் வேலை செஞ்சாங்க. அவர் போக மிச்சம் பதினோரு பேர். அவங்களுக்கு வாசிக்கத் தெரிஞ்சது இந்த எழுத்து ஒண்ணுதான். எழுத ஆள் தேடுறீங்கன்னு கேள்விப்பட்டு நானாத்தானே வந்தேன்... சொல்லுங்க.

எர்சயின்: "தோலில் பட்டால் உடனே அந்த இடத்தைத் தண்ணீருக்குள் வைக்க வேண்டும்."

கனிபா: உடனேன்னா?

எர்சயின்: ஓடணும். தொட்டியோ வாளியோ, எது கிட்ட இருக்கோ அதுல. அப்புறம் ஈரத்துணி. அந்தத் துணி காயவே கூடாது. காஞ்சா, உள்ள இருக்கிற துணுக்கு மறுபடி பத்திக்கும்.

கனிபா: ஈரத்துணி... அதோட வீட்டுக்கு வரலாமா?

எர்சயின்: கூடாது. சின்னப் புண்ணா இருந்தாலும் நேரா ஆஸ்பத்திரி. அது தோலோட நிக்காது. ரத்தத்துல கலந்து கல்லீரல், இதயம்னு... போதும் டீச்சர்.

கனிபா: அவருக்கு முன்கையில உள்ளங்கை அளவுதான் இருந்துச்சு.

எர்சயின்: கேள்விப்பட்டேன்.

கனிபா: "வெளியில சொன்னா வீட்டுல உட்கார வச்சிடுவாங்க, அப்புறம் வேற ஆளைப் போட்டுடுவாங்க"ன்னார். தானே ஈரத்துணியைச் சுத்தி, மேல சட்டைக் கையை இறக்கி விட்டுக்கிட்டு பஸ்ல வந்துட்டார். பக்கத்துல உக்காந்தவன் பூண்டு நாத்தம் தாங்கலன்னு எழுந்து போனானாம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சார்.

எர்சயின்: பாஸ்பரஸ் வாடை அப்படித்தான் இருக்கும்.

கனிபா: அதையும் எழுதுறேன். "பூண்டு வாடை வந்தால் அது பூண்டு அல்ல."

எர்சயின்: தாள்ல அது இல்லையே.

கனிபா: என் தாள்ல இருக்கும்.

எர்சயின்: ...சரி, போடுங்க.

கனிபா: இன்னொண்ணு அண்ணே. விசாரணை அறிக்கையை பக்கத்து வீட்டுப் பொண்ணு படிச்சுச் சொன்னா. "தொழிலாளி விதிகளைப் படித்து, புரிந்துகொண்டு, கையெழுத்திட்டிருக்கிறார். மீறியது அவர் தவறு." அந்தக் கையெழுத்தை நான் பாக்கணும்.

எர்சயின்: அது எதுக்கு இப்ப...

கனிபா: கையெழுத்து வாங்குறது அலமாரியில இருக்கிற அந்தப் பச்சை நோட்டுலதானே?

எர்சயின்: டீச்சர்...

கனிபா: எடுங்க. எந்தப் பக்கம்?... இதுவா அவர் பேரு?

எர்சயின்: ஆமா.

கனிபா: ரஷ்ய எழுத்துல இருக்கே. அவருக்கு இந்த எழுத்துல தன் பேரை எழுதத் தெரியாது. சம்பளத் தாள்லகூட எங்க எழுத்துலதான் போடுவார். இது யார் போட்டது?

எர்சயின்: நான்.

கனிபா: நீங்களா?

எர்சயின்: பன்னெண்டு பேருக்கும் நானே போட்டேன். மறுநாள் சோதனைக்கு ஆள் வர்றாங்கன்னு சொன்னாங்க. எல்லாரையும் உட்கார வச்சு வாசிச்சுக் காட்டணும்னா ஒரு மணி நேரம் ஆகும்... அப்புறம் பாத்துக்கலாம்னு ஆளுக்கு ஒரு ரஷ்யத் தாளைக் கையில குடுத்து அனுப்பிட்டேன். தொக்தார் மட்டும் நின்னு கேட்டார், "இதுல என்னண்ணே எழுதியிருக்கு"ன்னு.

கனிபா: என்ன சொன்னீங்க?

எர்சயின்: "ஜாக்கிரதையா இருன்னு எழுதியிருக்கு"ன்னேன்.

கனிபா: அவ்வளவுதானா?

எர்சயின்: அவ்வளவுதான். தலையாட்டிட்டுப் போனார். அடக்கத்துக்குக்கூட நான் வரல டீச்சர். எந்த மூஞ்சியோட வர்றது? திட்டுங்க... ஏதாவது சொல்லுங்க.

கனிபா: தாள்ல இன்னும் வரி இருக்கா?

எர்சயின்: என்னது?

கனிபா: முடிஞ்சிடுச்சா, இன்னும் இருக்கான்னு கேட்டேன்.

எர்சயின்: ஒரு வரி இருக்கு. "புண்ணில் எண்ணெய், களிம்பு, கொழுப்பு எதையும் தடவக்கூடாது."

கனிபா: ...ஏன்?

எர்சயின்: பாஸ்பரஸ் தண்ணியில கரையாது, கொழுப்புல கரையும். தடவினா அதுவே உள்ள இழுத்துட்டுப் போயிடும்... எழுதலையா? பேனாவுல மை தீந்துடுச்சா?

கனிபா: இருக்கு.

எர்சயின்: நான் சொல்றதைக் கேளுங்க. நாளைக்குக் காலையில ரெண்டு பேரும் அரசு வக்கீல் ஆபீசுக்குப் போவோம். கையெழுத்து நான் போட்டதுன்னு எழுதிக் குடுக்கிறேன். எனக்கு என்ன ஆகணுமோ ஆகட்டும். அவர் மேல போட்ட பழியாவது போகும்.

கனிபா: போங்க. கண்டிப்பாப் போயி எழுதிக் குடுங்க. நான் வரல.

எர்சயின்: நீங்க மனு குடுத்தாத்தான் விசாரணையைத் திரும்பத் திறப்பாங்க.

கனிபா: திறந்தா டாக்டர் திரும்பவும் கேப்பார்.

எர்சயின்: என்ன கேப்பார்?

கனிபா: மூணாம் நாள் கண்ணெல்லாம் மஞ்சளாகித் தூக்கிட்டுப் போனப்ப கேட்டதையே. "வீட்டுல புண்ணுக்கு ஏதாவது போட்டீங்களா?" இல்லன்னுட்டேன். கட்டு மட்டும்தான்னுட்டேன்.

எர்சயின்: கட்டு மட்டும்தானே போட்டீங்க?... டீச்சர்?

கனிபா: அவர் சட்டைப் பையில உங்க தாள் இருந்துச்சு அண்ணே, நாலா மடிச்சு. விளக்குக்குக் கீழ விரிச்சு வச்சு மேலேர்ந்து கீழ வரைக்கும் பாத்தேன். ஒரு எழுத்துகூடத் தெரியல. மடிச்சு வச்சுட்டேன். இப்படிச் சில்லுன்னு துணியைச் சுத்தி வச்சிருக்காரேன்னு அவிழ்த்து, நல்லா ஈரம் போகத் துடைச்சேன். லேசாப் புகை வந்துச்சு. பயந்து போயி, எங்க ஊர்ல புண்ணுக்குத் தடவுற செம்மறி வால் கொழுப்பை உருக்கி, சூடு ஆற வச்சு... நான்தான் தடவினேன். புகை நின்னுடுச்சு. எரியுதான்னு கேட்டேன். இதமா இருக்கு, இன்னும் கொஞ்சம் தடவுன்னார்.